நாலு குழாய் நாதசுரம்

"டீச்சர், நாதசுரம் முன்னாடி வாசிக்கிறாங்க. நீங்க பின்னாடியே பார்த்துக்கிட்டு இருக்கிறீங்க" என்றாள் வஜிஹா.

"நீ முன்னாடி பாரு. என்னைப் பார்க்கவா உன்னைக் கூட்டியாந்தேன்?"

"நீங்க எங்க தலையையே எண்ணிக்கிட்டிருந்தா எப்படி டீச்சர் பாட்டு கேக்கிறது? சந்தையில ஆடு நிக்கிற மாதிரி இருக்குது."

"ஆடா இருந்தா கழுத்துல கயிறு போட்டிருப்பேன். எனக்குக் கவலையே இல்ல."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சரோஜம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூஜுவாடி மாந்தோப்பில் போட்டிருந்த பந்தலில், பெண்கள் பக்கத்து மூங்கில் தட்டி ஓரமாக இடம் பிடித்திருந்தாள். பிடித்தாளே தவிர உட்காரவில்லை. ஒரு காலை மடித்து, ஒரு காலை ஊன்றி, எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிறவள் மாதிரி இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த நாதசுரக்காரர் ராகத்தை இழுத்து இழுத்து விரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் தலையாட்டியது. அவள் காதில் அது விழுந்ததா என்று கேட்டால், விழுந்தது, அவ்வளவுதான்.

ஓசூரில் பட்டுநூல் எடுக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன் பெண்கள் விடுதிக்கு அவள்தான் பொறுப்பு. முப்பது வயது. புருஷன் போன பிறகு சேலத்திலிருந்து வந்து சேர்ந்த வேலை. வயசுக்கு வந்த பெண்ணை வீட்டை விட்டு அனுப்பி பட்டுக்கூடு வேகிற வெந்நீரில் கையை விடச் சொல்வதா என்று கேட்ட அப்பன்மாரிடம் ஊர் ஊராகப் போய், வாசலில் நின்று பேசி, "என் மகளாட்டம் பார்த்துக்கிறேன்" என்று சத்தியம் பண்ணிச் சேர்த்த பெண்கள் இவர்கள். ஒன்பது பேர். ஒரு பெண்ணைப் பற்றி ஒரு சொல் கிளம்பினால் போதும், மற்ற எட்டுப் பேரின் அப்பன்மாரும் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்புறம் விடுதி ஏது, பள்ளி ஏது. வைகாசிக்குள் எட்டுக் கல்யாணப் பத்திரிகை வரும்.

அப்படியிருக்க எதற்கு இந்த மேளத்துக்கு வந்தாள்? வஜிஹாவால்தான். அவள் ஓசூர்க் கடைவீதிப் பெண். விடுதியில் தங்குகிறவள் இல்லை, ஆனால் தங்குகிறவர்களைவிட அதிக நேரம் அங்கேதான் இருப்பாள். அவளுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, ஷேக் தாவூத் மைக் செட் வைத்திருந்தார். அந்த வட்டாரத்துக்கே முதல் மைக் செட். "எங்க சாச்சாதான் டீச்சர் செட் போடறாரு. தோப்புல ஊசி விழுந்தா ஏரிக்கரையில கேக்கும்" என்று அவள் ஆரம்பித்துவைக்க, ஒன்பது பெண்களும் ஒரு வாரம் சோறு இறங்காதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

தடுத்தவன் ஒருத்தன்தான். ஒன்பது பேரில் ஒருத்தியான முனிலட்சுமியின் தாய்மாமன் முனிவேல். ஓசூரில் லாரிக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கிற வேலை. பாரூரில் இருக்கிற அப்பனுக்குப் பதிலாகப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன்.

"மேளமா? வயசுப் பொண்ணுங்களைக் கூட்டத்துல கொண்டுபோய் விடறதா? எல்லை ஊரு அது, டீச்சரம்மா. குடிகாரப் பசங்க எந்தப் பக்கமிருந்து வருவான்னு சொல்ல முடியாது."

"நான் கூடவே இருப்பேனுங்க."

"ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"என் மச்சான் திம்மராயன் லேசுப்பட்ட ஆள் இல்ல. பொண்ணு மேல ஒரு பேச்சு வந்தா அன்னிக்கே தலையில கூடையை ஏத்தி ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுப் போனான். அது முதல் சரோஜம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போதே பாடம் நடத்தினாள். ஒருத்தி முந்தானையை இன்னொருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் வேண்டுமென்றால் எல்லாரும் சேர்ந்துதான் எழுந்திருக்க வேண்டும் என்று என்னென்னவோ. கடைசியில் ஒன்று சொன்னாள்.

"தப்பித் தவறிப் பிரிஞ்சிட்டீங்கன்னா அழுதுக்கிட்டு நிக்கக்கூடாது, வழி கேக்கக்கூடாது. நாதசுரச் சத்தம் எங்கே வருதோ அங்கே வந்துடணும். நான் அங்கேதான் இருப்பேன்."

இது அவளுடைய அப்பா அவளுக்குச் சொன்னது. சேலத்துத் திருவிழாவில் எத்தனை கூட்டமானாலும் நாதசுரம் ஒரே இடத்திலிருந்துதான் வரும், காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் அப்பா மடியில் போய் விழலாம். அவளும் இரண்டு தடவை அப்படி விழுந்திருக்கிறாள்.

தவில் தனி ஆரம்பித்தது. அதுவரைக்கும் தோப்புக்கு வெளியே பொரி தின்றுகொண்டும் குழந்தைக்கு ராட்டினம் காட்டிக்கொண்டும் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே பார்க்க வந்தார்கள். தமிழில் ஒருத்தன் "தள்ளு" என்றான், தெலுங்கில் ஒருத்தன் "ஜருகு" என்றான், கன்னடத்தில் ஒருத்தன், நகரச் சொல்லி, "சரி சரி" என்றான், மூன்று பேரும் தள்ளினார்கள். மூங்கில் தட்டி ஒரு முனகல் முனகிவிட்டுச் சாய்ந்தது.

அடி யாருக்கும் படவில்லை. ஆனால் முந்தானைகள் கையை விட்டுப் போயின. சரோஜம்மாள் ஒருத்தியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், ஒருத்தியை இடுப்பில் கைபோட்டுத் தூக்கினாள், "இந்தாண்ட வாங்கடி, இந்தாண்ட" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பந்தலுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் வண்டி நின்றது. அதன் சக்கரத்தில் சாய்த்து ஒவ்வொருத்தியாக நிறுத்தினாள். வஜிஹா தானாகவே வந்து சேர்ந்தாள், கையில் யாருடைய செருப்பையோ வைத்துக்கொண்டு.

"எல்லாரும் வந்தாச்சா?"

"முனிலட்சுமி இல்ல டீச்சர்" என்றாள் பூவம்மாள். ஒன்பது பேரில் மூத்தவள் அவள்.

"உன் முந்தானையைத்தானே பிடிச்சிருந்தா?"

"பிடிச்சிருந்தா. கிழிஞ்சிடுச்சு. பாருங்க." கிழிந்த நுனியைக் காட்டினாள். "ஏரிப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க."

 வேறு எவளாக இருந்தாலும் இந்நேரம் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், யாரையாவது கடித்திருப்பாள். முனிலட்சுமி சொன்னதை மட்டும் செய்கிறவள். போன மாசம், பட்டுக்கூடு வேகிற பானையைக் காட்டி, "கிளறிக்கிட்டே இரு, வந்துடறேன்" என்று ஒரு டீச்சர் போனாள். போனவள் மறந்து சாப்பிட்டு, கண் அயர்ந்து எழுந்து வந்தபோது கூடெல்லாம் கூழாகியிருந்தது, இவள் கை கொப்பளித்திருந்தது, கிளறிக்கொண்டே இருந்தாள். "ஏண்டி நிறுத்தலே?" என்றதற்கு, "நீங்க வரலியே" என்றாள்.

"பயப்படாதீங்க. சத்தத்தைப் பார்த்து வந்துடுவா. அவ சொன்னதைச் செய்யறவ" என்று சரோஜம்மாள் பெண்களுக்குச் சொல்கிற மாதிரித் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பூவம்மாளும் இன்னும் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே இல்லை. தனி முடிந்து கீர்த்தனை ஆரம்பித்தது. பந்தலிலும் இல்லை. வரவில்லை.

"டீச்சர்" என்றாள் வஜிஹா.

"என்ன?"

"சத்தத்தைப் பார்த்து வரச் சொன்னீங்களே. கண்ணை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் கேளுங்க. சத்தம் எங்கேயிருந்து வருது?"

"விளையாடாதே."

"விளையாடலே. கேளுங்க."

சரோஜம்மாள் கண்ணை மூடினாள். நாதசுரம் பந்தலிலிருந்து வந்தது. ஏரிப் பக்கமிருந்தும் வந்தது. ரோட்டிலிருந்தும் வந்தது. அதற்கும் அப்பால் எங்கிருந்தோ, மெல்லிசாக, அதே கீர்த்தனை, அதே குழைவு. திசைக்கொரு நாதசுரக்காரர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி.

அவள் கண்ணைத் திறந்தாள். பந்தக்காலின் உச்சியில் ஊமத்தம்பூ மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்த, மைக் செட்டின் தகரக் குழாயை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"ஐயோ, நான் என்ன சொல்லிவெச்சேன்" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

ஷேக் தாவூத் பந்தலின் பின்புறம் பெட்டியும் பாட்டரியுமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பெட்டியிலிருந்து ஓடிய கம்பிகளில் அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கலரில் துணி கட்டியிருந்தது.

"சாச்சா, எத்தனை குழாய் கட்டியிருக்கிறீங்க?" என்றாள் வஜிஹா.

"நாலு. ஏன், சத்தம் பத்தலியா?"

"எங்கெங்கே கட்டியிருக்கிறீங்க அண்ணே?" என்றாள் சரோஜம்மாள்.

"ஒண்ணு பந்தல்ல. ஒண்ணு ஏரிக்கரைப் புளியமரத்துல. ஒண்ணு ரோட்டு மேல, போலீஸ் சாவடிகிட்ட. நாலாவது..." அவர் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் துடைத்தார்.

"நாலாவது?"

"அது எல்லைக்கு அந்தாண்டம்மா. மைசூர்ப் பக்கம்."

"அங்கே என்ன இருக்குது?"

"ஒரு கடை இருக்குது."

"என்ன கடை?"

"என்ன கடைன்னு கேட்டா எப்படிச் சொல்றது. இந்தப் பக்கத்து ஆம்பிளைங்க எதுக்காக அந்தப் பக்கம் போறாங்களோ, அந்தக் கடை. வர்றவங்களுக்குக் கேக்கட்டும், ஒரு குழாய் கட்டுங்கன்னு கடைக்காரன் கேட்டான். கட்டினேன்."

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. மைசூர்ச் சீமையில் அந்தப் பேச்சே இல்லை. எல்லைக்கல்லைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கள்ளுக்கடை. போவதில் சிரமமில்லை. திரும்புவதில்தான் சிரமம். சாவடியில் போலீஸ்காரர் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார்.

"அண்ணே, ஒரு பொண்ணைக் காணோம்" என்றாள் சரோஜம்மாள். எதற்காகச் சத்தத்தைத் தேடிப் போயிருப்பாள் என்பதையும் சொன்னாள்.

"இதுக்கா இப்படி வேர்க்கிறீங்க? பேரைச் சொல்லுங்க. இந்தப் பாட்டு முடிஞ்சதும் மைக்குல கூப்பிட்டுடறேன். காலையிலேருந்து அஞ்சாறு புள்ளைங்களை அப்படித்தான் தாய்கிட்ட சேர்த்தேன்."

"அதுங்க சின்னப் புள்ளைங்க. இவ வயசுப் பொண்ணு."

"வயசுப் பொண்ணுக்குக் காது கேக்காதா?"

"எல்லாருக்கும் கேக்குமே அண்ணே. பாரூர் திம்மராயன் மகள் முனிலட்சுமியைக் காணோம்னு நாலு குழாயும் சொல்லும். அந்தக் கடையிலயும் சொல்லும். நாளைக்குக் கிருஷ்ணகிரிச் சந்தையில சொல்லுவாங்க. நாளான்னிக்கு அவங்க அப்பாகிட்ட சொல்லுவாங்க. காணாமப் போனதைச் சொல்லுவாங்க, கிடைச்சதை ஒருத்தனும் சொல்லமாட்டான்."

"பேரைச் சொல்லாம, பட்டுப்பள்ளிக்கூடத்துப் பொண்ணுன்னு சொல்லட்டுமா?"

"அப்போ அந்தப் பேரு ஒன்பது பேருக்கும் வரும்" என்றாள் வஜிஹா. "எனக்கும் சேர்த்து. வாப்பா அடுத்த வாரமே எனக்கு மாப்பிள்ளை பார்த்திருவாரு."

தாவூத் தாடியைத் தடவினார். கூப்பிட்டால் இந்த நிமிஷமே பெண் கிடைக்கலாம். கூப்பிடாமல் இருந்து, அந்தக் கடை வாசலில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சரோஜம்மாள் இரண்டு கையையும் பிசைந்தாள். ஒரு நிமிஷம் "சொல்லிடுங்க" என்று வாய் வரைக்கும் வந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"வஜி, அவ ஒரு குழாய்க்குக் கீழே போய் நின்னா என்ன செய்வா?"

"நாதசுரக்காரரைத் தேடுவா. காணோம்னா அடுத்த சத்தத்துக்குப் போவா."

"அதுவும் குழாய்தான்னா?"

"அதுக்கு அடுத்தது."

"கடைசிக் குழாய்க்கு அப்புறம் சத்தம் இல்ல."

"அங்கேயே நிப்பா. நீங்க வர்ற வரைக்கும்."

"அந்தச் சத்தம் நின்னுபோச்சுன்னா?"

வஜிஹா அவளைப் பார்த்தாள். "சத்தம் இருக்கிற பக்கமாத் திரும்பி வருவா."

சரோஜம்மாள் தாவூதைப் பார்த்தாள். அவர் கை நாலாவது குழாயின், பச்சைத் துணி கட்டிய கம்பி மேல் போய்விட்டது. ஆனால் இழுக்கவில்லை.

"இழுத்துருவேன். ஆனா கடைக்காரன் சண்டைக்கு வருவானே."

"வரட்டும் அண்ணே."

"அவன் வந்தாப் பரவாயில்ல. கடையை விட்டு வரமாட்டான். குடிச்சிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கிறவங்க வருவாங்க. கும்பலா. பொண்ணும் அதே வழியிலதான் வரணும்."

"நான் சாவடிக்குப் போறேன். ரோட்டு வழியா வந்தாலும் வயல் வழியா வந்தாலும் சாவடிக் குழாய்க்குத்தான் வந்தாகணும். இழுங்க."

அவர் இழுத்தார். தொலைவில் மெல்லிசாக ஒலித்துக்கொண்டிருந்தது அறுந்தது. பந்தலில் கீர்த்தனை அதுபாட்டுக்குப் போயிற்று.

சரோஜம்மாள் பெண்களைத் தாவூதின் பாயைச் சுற்றி உட்காரவைத்தாள். "ஒருத்தியும் அசையக்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அசைய வேண்டி வந்தா அண்ணனைக் கேளுங்க, எல்லாரும் சேர்ந்து அசையுங்க. தட்டி சாயற மாதிரி இருந்தா நான் சொன்னேன்னு உட்கார்ந்திருக்காதீங்க. புத்தி இருக்குதில்ல, உங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க." பூவம்மாள் தலையாட்டினாள். வஜிஹா யாரும் கூப்பிடாமலே கூட வந்தாள்.

ரோட்டில் வெயில் சாய்ந்திருந்தது. பெங்களூர் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. சாவடிப் பக்கத்துக் கம்பத்தில் குழாய் கத்திக்கொண்டிருந்தது, அதன் கீழே இரண்டு போலீஸ்காரர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, தாளம் போட்டபடி, வருகிறவர் போகிறவர் வாயை மோந்துகொண்டிருந்தார்கள். சரோஜம்மாள் எல்லைப் பக்கம் பார்த்தாள், வயல் பக்கம் பார்த்தாள். மறுபடி எல்லைப் பக்கம். செருப்புக் காலால் மண்ணைக் கிளறினாள்.

"வரலியே வஜி. மைக்குல சொல்லியிருக்கணுமோ?"

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்."

"நீ சொல்லுவே. உனக்கு என்ன."

"எனக்கு ஒண்ணும் இல்லதான். கால்தான் நடுங்குது."

அப்போது சத்தம் கேட்டது. மேளச் சத்தமில்லை, ஆள் சத்தம். எல்லைக்கல்லுக்கு அப்பாலிருந்து பத்துப் பதினைந்து பேர், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். "எவன்யா நிறுத்தினது?" "நல்ல இடத்துல நிறுத்திட்டான்யா பாவி." "அவன் பெட்டியைத் தூக்கி ஏரியில போடு." கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கு மேல் சொன்னார்கள், அவற்றை எழுத வேண்டாம்.

கும்பலுக்கு முன்னால் முனிலட்சுமி வந்தாள். நேராக, சாவடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல் வந்தாள். அவளை ஒட்டி, அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள். கள் வாடை தெரியாமல் இருக்க வாய் நிறைய நார்த்தை இலையை மென்றுகொண்டிருந்தான். சரோஜம்மாள் ஓடப் போனவள் நின்றுவிட்டாள். முனிவேல்.

"யாருய்யா அது? நில்லு" என்றார் போலீஸ்காரர்.

"அக்கா மகளுங்க" என்றான் முனிவேல், வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "மேளம் கேக்கக் கூட்டியாந்தேன். கூட்டத்துல தவறிப்போச்சு. தேடிப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

"வயசுப் பொண்ணை இந்தக் கும்பல்ல நிக்கவெக்காதேய்யா. போ, போ. மத்தவன் எல்லாம் வரிசையில வா. ஊது."

கும்பலுக்குப் பெட்டியும் மறந்தது, ஏரியும் மறந்தது. பாதிப் பேர் திரும்பி வயலில் இறங்கினார்கள். மீதிப் பேர் ஊதினார்கள்.

முனிலட்சுமி வந்து சரோஜம்மாளுக்கு முன்னால் நின்றாள். "நீங்க சத்தத்துகிட்ட இருப்பேன்னு சொன்னீங்க டீச்சர். மூணு இடத்துல பார்த்தேன். இல்ல."

சரோஜம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கையைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள், ரவிக்கையின் தையலைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"இதுதான் பார்த்துக்கிற லட்சணமா டீச்சரம்மா?" முனிவேல் குரலை உயர்த்தினான். போலீஸ்காரர் தலை திரும்பியதும் தாழ்த்தினான். "அன்னிக்கே சொன்னேன். கேட்டீங்களா? எங்கே வந்து நின்னா தெரியுமா இவ? எங்கே வந்து..." அதோடு நின்றுவிட்டான்.

"எங்கே நின்னா மாமா?" என்றாள் வஜிஹா.

"ரோட்டுல."

"எந்த ரோட்டுல?"

"உனக்கு என்னா அதெல்லாம்? நீ யாரு பொண்ணு?"

"கடையில டீச்சர்" என்றாள் முனிலட்சுமி. "நான் குழாய்க்குக் கீழே நின்னேன். மாமா பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. என்னைப் பார்த்ததும் பெஞ்சுக்கு அடியில போயிட்டாரு."

வஜிஹா ரோட்டோரத்துக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

முனிவேல் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். பேச்சு மாறியது. "டீச்சரம்மா, நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு பத்திரமா இருக்குது. நான்தானே கூட்டியாந்தேன்? என் மச்சானுக்கு இதெல்லாம் எதுக்கு? நான் இவளை எங்கேயும் பார்க்கலே, நீங்க என்னை எங்கேயும் பார்க்கலே. உங்க பள்ளிக்கூடமும் நடக்கும், என் மானமும் நடக்கும். என்ன சொல்றீங்க?"

 பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள் சரோஜம்மாள். அதை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டு, வயல் வரப்பில் இறங்கிப் போனான்.

பஸ்ஸில் ஒன்பது பேரையும் உட்காரவைத்து, எண்ணி, மறுபடி எண்ணிய பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். பெண்கள் முனிலட்சுமியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பயமா இல்லியாடி?"

"முதல்ல இருந்துச்சு. கடைக்காரர் பெண்சாதி வந்து கன்னடத்துல என்னமோ கேட்டா. எனக்குப் புரியலே. நான் குழாயைக் காட்டினேன். அவளும் குழாயைப் பார்த்தா. அப்புறம் ஒரு முக்காலி கொண்டாந்து போட்டா. சுண்டல் கொடுத்தா."

"தின்னியா?"

"தின்னேன். காரமா இருந்துச்சு."

"ஆம்பிளைங்க ஒண்ணும் சொல்லலியா?"

"ஒருத்தர் அழுதுக்கிட்டிருந்தாரு, பாட்டைக் கேட்டு. அவரை மத்தவங்க பார்த்துக்கிட்டிருந்தாங்க. திடீர்னு சத்தம் நின்னுச்சு. நான் எழுந்து சாவடிச் சத்தத்துக்குக் கிளம்பினேன். மாமா பெஞ்சுக்கு அடியிலேருந்து வந்து, இரு நானும் வர்றேன்னு தோள்ல கையைப் போட்டுக்கிட்டாரு." அவள் சரோஜம்மாள் பக்கம் திரும்பினாள். "டீச்சர், சனிக்கிழமை அப்பா வருவாரு. கேட்டா என்ன சொல்லட்டும்?"

 எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

பதில் தயாராக இருந்தது. "ஒண்ணும் சொல்லாதே." இரண்டே வார்த்தை. சொன்னால் அதோடு முடிந்தது. இவள் சொல்லமாட்டாள். அப்பன் கேட்டாலும் சொல்லமாட்டாள், கட்டிக்கொள்கிறவன் கேட்டாலும் சொல்லமாட்டாள், கை கொப்பளித்தாலும் கிளறிக்கொண்டே இருப்பாள். ஒன்பது பெண்களும் விடுதியில் இருப்பார்கள். முனிவேல் மாசாமாசம் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். சரோஜம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.  ஒரு கிளை ரோடு போயிற்று, ஏரி போயிற்று, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னத்தைச் சொல்றது" என்றாள் கடைசியில். "நான் சொன்னதைக் கேட்டுத்தான் நீ அங்கே போய் நின்னே. இதை நீயே யோசி."

"யோசிச்சா?"

"தோணுறதைச் சொல்லு."

"டீச்சர்" என்று வஜிஹா கையைப் பிடித்து அமுக்கினாள். "என்ன டீச்சர் இது. நம்ம எல்லாருக்கும்..."

"தெரியும்டி. சும்மா இரு."

சனிக்கிழமை வரைக்கும் சரோஜம்மாள் உலையில் அரிசி போட மறந்தாள், போட்டதற்கு உப்பு மறந்தாள். சனிக்கிழமை திம்மராயன் வந்தார். ஏரிப் பாசனத்து நெல்லைத் தலையாலே சுமந்து கழுத்து தடித்த மனிதர். கூடையில் கரும்பு வெல்லமும் அவலும் கொண்டுவந்திருந்தார். கூடை பெரியது. பெண்ணின் துணிமணி அதில் அடங்கும் என்று சரோஜம்மாள் நினைத்தாள்.

அவள் உள்ளே போகாமல் நடையிலேயே நின்றாள். அப்பனும் மகளும் வேப்பமரத்தடியில் நின்று பேசியது கேட்டது.

"மேளத்துக்குப் போனியாமே."

"போனேன்ப்பா. மாமா சொன்னாரா?"

"அவன் எங்கே கண்ணுல பட்டான். வர்ற வழியில பஸ்காரன் சொன்னான், பட்டுப்பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க போனாங்கன்னு. கூட்டமா?"

"கூட்டம். தட்டி சாஞ்சிடுச்சு. நான் தவறிட்டேன்."

"தவறிட்டியா?"

அவள் சொன்னாள். ஏரிக்கரைக் குழாயிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். டீச்சர் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். கடையைச் சொன்னாள், முக்காலியைச் சொன்னாள், சுண்டலைச் சொன்னாள். மாமா பெஞ்சுக்கு அடியில் இருந்ததையும் சொன்னாள்.  சரோஜம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் உன்னைக் கூட்டியாந்தானா?" என்றார் கடைசியில்.

"இல்லப்பா. நான் வந்தேன். அவர்தான் என்கூட வந்தாரு."

திம்மராயன் தொண்டையைச் செருமினார். இருமலா சிரிப்பா என்று நடையிலிருந்து தெரியவில்லை.  அப்புறம் திரும்பி நடையைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சரம்மா, அங்கே நிக்கிறீங்கன்னு தெரியும். வாங்க."

சரோஜம்மாள் வந்தாள். "தப்பு என்னுதுங்க" என்றாள். "நான் தப்பா வழி சொல்லிட்டேன். குழாய் இருக்கிறது எனக்குத் தோணலே."

"மைக்குல பேரைச் சொல்லியிருந்தா சீக்கிரம் கிடைச்சிருப்பாளே. ஏன் சொல்லலே?"

"உங்க பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்."

அவர் அதை அசைபோட்டார். கூடையைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"பாட்டு எப்படிம்மா இருந்துச்சு?" என்று மகளிடம் கேட்டார்.

முனிலட்சுமி யோசித்தாள். "நாலு இடத்துல கேட்டேன்ப்பா. பந்தல்ல கேக்கவே விடலே, ஒரே தள்ளு. கள்ளுக்கடைகிட்டத்தான் நல்லாக் கேட்டுச்சு. அங்கே யாரும் தள்ளலே."

திம்மராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். வெல்லத்தையும் அவலையும் எடுத்துச் சரோஜம்மாள் கையில் கொடுத்தார். கூடை காலியாக இருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, தூசு போக ஊதி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"முனிவேல் வந்தா உள்ளே விடாதீங்க" என்றார். "நீ போம்மா. உள்ளே போய் வேலையைப் பாரு."